சந்தா கட்டினவருக்கு மட்டும்

ஆரம்பாக்கத்துக் குணசுந்தரிக்கு முதலில் மூச்சுதான் வாங்கியது. நாற்றுக்கட்டோடு வரப்பில் ஏறும்போது நின்று நின்று ஏறினாள். பிறகு இருமலில் ரத்தம் வந்தது. காசம் என்றார்கள்.

புருஷன் தணிகாசலம் பட்டணத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு நூல் ஆலையில் மெஷின் துடைப்பவன். காலை பாசஞ்சரில் போய் இருட்டிய பின் திரும்புவான். ஐம்பதுகளின் நடுவில் அது; ஆலைத் தொழிலாளிகளுக்கென்று அப்போதுதான் சர்க்காரின் புது மருத்துவத் திட்டம் வந்திருந்தது. சம்பளத்தில் சந்தா பிடிப்பார்கள்; நோய் வந்தால் வைத்தியம் இலவசம். காசத்துக்கான புது ஊசியும் அதில் உண்டு. வெளியே வாங்கி மாதக்கணக்கில் போடுவதென்றால் அவர்களுடைய நிலம் மொத்தமும் போய்விடும்.

தணிகாசலம் அவளைத் திட்டத்து மருந்தகத்துக்கு அழைத்துப் போனான். டாக்டர் நல்ல மனிதர். தணிகாசலத்தின் சந்தா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“அட்டை உன் பேர்ல இருக்கு. உனக்கு நோய்னா நான் ஊசி போடலாம். உன் சம்சாரத்துக்குப் போட சட்டத்துல இடம் இல்லப்பா.”

“துட்டு எங்க ரெண்டு பேரு சோத்துலேர்ந்துதானே சார் புடிக்கிறாங்க?”

“குடும்பத்துக்கும் வரும்னு சொல்றாங்க.”

“எப்ப சார்?”

டாக்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் குணசுந்தரி கேட்டாள்: “மாமா, நானும் ஆலையில சேந்துட்டா எனக்கும் அட்டை குடுப்பாங்க இல்ல?”

“நிக்கவே முடியல, வேலைக்குப் போறேன்றியே.”

“ஊட்ல குந்திகினு சாவறதுக்கு அங்க போய் நிக்கறேன்.”

நோயைச் சொல்லாமல் போய் நின்றாள். ஆலை மேஸ்திரி சின்னராசு அவளைக் கழிவுப் பஞ்சு பிரிக்கும் அறையில் சேர்த்துக்கொண்டான். இருமல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். யாருக்கும் ஒட்டிவிடக்கூடாதென்று ஜன்னலோரம் தனியே உட்காருவாள். மற்ற பெண்கள் திமிர் என்று நினைத்தார்கள். அட்டை வந்தது. அதே டாக்டர் ஒன்றும் கேட்காமல் ஊசியைப் போட்டார்.

காய்ச்சல் விட்டது, ரத்தம் நின்றது. ஆனால் பஞ்சுத் தூசு விடவில்லை. ஒரு நாள் அறையிலேயே மயங்கி விழுந்தாள். நோய் இன்னதென்று தெரிந்ததும், தற்காலிக ஆள்தானே என்று மேனேஜர் நீக்கிவிட்டார். கொஞ்ச நாளில் அட்டையும் செல்லாமல் போக, ஊசி பாதியில் நின்றது.

தணிகாசலம் லீவு போட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினான். கடைசியில் ஒரு குமாஸ்தாவிடம் குரல் உயர்ந்துவிட்டது.

“நோவு வந்தா வேலைய உட்டு தூக்கறீங்க. வேலை இல்லன்னா மருந்து இல்லன்றீங்க. அப்ப யாருக்கு சார் இந்த மருந்து?”

குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

குடும்பத்துக்கும் வைத்தியம் என்ற உத்தரவு வரச் சில வருஷங்கள் ஆயின. அதற்குள் பாதி நிலத்தை விற்று, வாங்க முடிந்தபோது ஊசி, முடியாதபோது இல்லை என்று ஓட்டியிருந்தார்கள். இடது நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. விட்டு விட்டுப் போட்டதால் பழைய ஊசிக்கு நோய் இனி மசியாது என்று டாக்டர் வேறு மருந்து எழுதினார்.

“இப்ப குடுக்கறத அப்பவே குடுத்திருந்தா யாருக்கு இன்னா சார் கொறஞ்சி போயிருக்கும்?” என்றாள் குணசுந்தரி. டாக்டர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அவள் பிழைத்தாள். மருந்துக்குப் போகும் நாட்களில் தணிகாசலம் அவள் மூச்சுக்கு நின்று நின்று, அவளோடு மெதுவாக ஸ்டேஷனுக்கு நடப்பான். சில நாள், அவர்கள் வந்து சேருமுன் ரயில் போய்விடும்.