என் வாயைப் பூட்டியது யார்?

ஜெபராஜ் அண்ணன் எனக்குச் செய்தது அநியாயம். எங்கள் சபைப் பாடகர் குழுவின் தலைவர் அவர். அவர் பெயரை மறைத்து இந்தச் சாட்சியை எழுத எனக்கு மனமில்லை.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். காருக்குள் ஓடும் ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றும் லைன். ஞாயிறு சபையில் டிரம்பெட் ஊதுவேன். முகூர்த்த நாட்களில் கல்யாண பேண்டிலும் ஊதுவேன். எந்த மதத்துக் கல்யாணம் என்று பார்ப்பதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முன்பு இடது காதுக்கு முன்னால் வலி தொடங்கியது. கொட்டாவி விட்டால் 'டக்' என்று சத்தம். பிறகு வாயே சரியாகத் திறக்கவில்லை. இட்லியைக்கூடப் பிட்டு உள்ளே தள்ளினேன். டிரம்பெட்டை உதட்டில் அழுத்தினால் வலி காதுக்குள் பாய்ந்து மண்டைக்கு ஏறியது. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் கீத பவனியில், வடக்குப்பட்டுத் தெருவில், பாதிப் பாட்டில் டிரம்பெட்டை இறக்கிவிட்டேன். அடுத்த சுரம் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு ஜெபராஜ் அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"கல்யாண ஊர்வலத்துல ஊதுற வாயை ஆண்டவர் பூட்டிட்டாரு. சகோதரன் மனந்திரும்பணும், எல்லாரும் ஜெபிங்க."

சபையே திரும்பி என்னைப் பார்த்தது. என் மனைவி ஸ்டெல்லா தலைகுனிந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு, வாய் திறந்து திட்டவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டிரம்பெட்டை விற்றுவிடப் போகிறேன் என்றேன்.

"விக்கறதுக்கு முன்னாடி கேளுய்யா," என்றாள் ஸ்டெல்லா. "ஜெபராஜ் அண்ணன இல்ல. மேல ஒருத்தர் கீறாரே, அவர கேளு."

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கியதும் கேட்டேன். சுகம் தாரும் என்று கேட்கவில்லை. "நான் என்ன தப்பு செய்கிறேன்? காட்டும்!" என்று சண்டை போட்டேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. அது அவருக்கும் தெரியும்.

காட்டினார்! எப்படித் தெரியுமா?

எங்கள் லைனில் டேப் வெட்டக் கத்தரிக்கோல் கட்டித் தொங்கும். யாரும் தொடமாட்டோம். டார்கெட் முடியவேண்டுமே, பல்லால் கடித்து இழுப்போம். எனக்கு எப்போதும் இடது பக்கப் பல். அந்த வாரமே ஒரு காலை, பக்கத்தில் நிற்கும் தூத்துக்குடிப் பெண் செல்வி சிரித்தாள்.

"என்னண்ணே, டேப்ப எலி மாதிரில்லா கடிக்கிய? கத்தரிக்கோல் என்ன சாமி படமா, பாத்துக்கிட்டே நிக்கதுக்கு?"

டேப் என் பல்லில் இருந்தது. இழுத்தேன். 'டக்!' அதே சத்தம். அதே இடம். உடம்பெல்லாம் சிலிர்த்துப் போய், நின்ற இடத்திலேயே "ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டேன்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னாயா, கை மாட்டிக்கிச்சா?"

"இல்ல சார், வாய் கிடைச்சிடுச்சி!"

மறுநாளே லீவு போட்டுப் பல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா தாடையை அமுக்கிப் பார்த்தார். தாடை மூட்டும் தசையும் ஓய்வில்லாமல் கெட்டிருக்கின்றன என்றார். டேப் கடிப்பதை விடச் சொன்னார். வெந்நீர் ஒத்தடம், தாடைக்குப் பயிற்சி, கொஞ்ச நாள் டிரம்பெட்டுக்கு விடுமுறை. பிறகு உதட்டில் அழுத்தாமல் சிறிது சிறிதாக ஊதிப் பழகச் சொன்னார். எல்லாம் செய்தேன். கத்தரிக்கோலையும் எடுத்தேன். என்னைப் பார்த்து லைனில் பலரும் எடுத்தார்கள்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் முதல் பாட்டு என் டிரம்பெட்டில்தான் தொடங்கியது! ஒரு சுரம்கூட உடையவில்லை. ஸ்டெல்லா தலை நிமிர்ந்து பாடினாள். அடுத்த முகூர்த்தத்தில் வல்லக்கோட்டையில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் ஊதினேன். இன்றும் குளிர்ந்த காலைகளில் லேசாக வலிக்கும். ஒத்தடம் கொடுப்பேன், ஊதுவேன், அவருக்கு நன்றி சொல்லுவேன்.

வலியோடு இருக்கிறவர்களே, அவரிடம் கேளுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள். அவர் தாங்குவார். பதில் எந்த வாயிலிருந்து வந்தாலும் காது கொடுங்கள். டாக்டரிடமும் போங்கள். உங்கள் வலியைத் தண்டனை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

ஜெபராஜ் அண்ணா, வருகிற ஞாயிறு நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் தட்ட வேண்டாம். அதே மைக்கைப் பிடித்து, அதே சபைக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்: கல்யாணத்தில் ஊதுகிற இந்த வாயை ஈஸ்டருக்குத் திறந்தது யார்?