நாபோத்தின் அதிகாரம் வந்த சனிக்கிழமை

மெர்சி அக்காவை நம் சபை தண்டித்தது. அவர் மாரடைப்பில் இறந்த செய்தியைச் செவ்வாய்க்கிழமை காலை சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டவரும் அவரைத் தண்டித்த அதே சபைச் செயலாளர்தான். "வேத வாசிப்பில் வைராக்கியமுள்ள சகோதரி" என்று எழுதியிருந்தார். அலுவலக வாசலில் நின்று படித்தேன். அழுகைக்கு முன் கோபம் வந்தது. இப்போது எழுத உட்காரும்போது நன்றிதான் மேலே நிற்கிறது.

அவரை அறிந்த உங்களுக்குச் சனிக்கிழமை மாலைகள் நினைவிருக்கும். சபையின் பின்னறையில் ஆறேழு பேர். பைபிளில் ராஜாக்களும் தீர்க்கதரிசிகளும் மட்டும். வாரம் ஓர் அதிகாரம். உட்கார்ந்த வரிசையில் ஆளுக்கு ஐந்து வசனம். நான் முதலில் போனது சமோசாவுக்காக. தெலுங்கிலும் இங்கிலீஷிலும் படித்து வளர்ந்தவன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ராஜாக்களின் பெயர்களில் நான் தடுக்கி விழும்போதெல்லாம், "விடு தம்பி, அந்த ராஜாவுக்கே அவன் பேரு வாயில நுழைஞ்சிருக்காது" என்பார். சிரித்துச் சிரித்தே நான் தமிழ் வாசிக்கக் கற்றேன்.

அக்கா பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். சாலொமோனின் அதிகாரிகள் பட்டியல் வந்த வாரம், இதை விட்டுவிடலாமே என்றேன்.

"நக்கோ, வேணாம். போரடிக்குதுன்னு ஒரு பார்ட்டைச் செக் பண்ணாம விட்டா, மெஷின் சும்மா இருக்குமா?"

வாசித்து முடித்ததும் ஒரே கேள்வி கேட்பார்: "இதுல நாம யாரு?" நான் எப்போதும் எலியாதான், ஆகாப் ராஜாவை எதிர்த்து நிற்கும் தீர்க்கதரிசி. "எல்லாருக்கும் எலியா வேஷம் வேணும். ஆகாபுக்கு மட்டும் ஆளே கிடைக்கறதில்ல" என்று கிண்டல் செய்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பிறகு நாபோத்தின் அதிகாரம் வந்தது. ஆகாப் ராஜா நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்கிறான்; நாபோத் தர மறுக்கிறான். ராஜாவின் முத்திரையோடு ஒரு கடிதம் வந்ததும், ஊர் மூப்பர்கள் பொய்க் குற்றம் சாட்டி நாபோத்தைக் கொன்றுவிடுகிறார்கள். வாசிப்பு முடிந்தது. அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"நான் அந்த மூப்பர்கள்ல ஒருத்தி" என்றார். "ராஜய்யா பேப்பரைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கூட்டம் முடியற அவசரம். ஒரு பார்ட்டா இருந்தா அப்படி விட்டிருப்பேனா?"

ராஜய்யா நம் காவலாளி. வளாகத்து மூலையறையில் மனைவியோடும் இரண்டு மகள்களோடும் பல வருடமாக இருந்தவர். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அவரைக் காலி செய்யச் சபைக் கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. அக்கா கமிட்டி உறுப்பினர். கார் நிறுத்த இடமில்லை என்று முதலில் புகார் எழுதியவன் நான்.

மறுநாள் ஆராதனையில், அறிவிப்பு நேரத்தில் அக்கா எழுந்தார். "என் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கறேன். ராஜய்யாவை அனுப்பாதீங்க."

"உக்காருங்கம்மா. இது ஆராதனை நேரம்" என்றார் செயலாளர்.

"ஹவ் ஐயா, ஆமா. அதான் இங்க கேக்கறேன்."

அடுத்த வாரம் வேதபாடம் வாசிப்பவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பின்னறையில் பூட்டு. ராஜய்யாவின் குடும்பம் குஷாய்குடா பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனது. நாங்கள் குகட்பள்ளியில் அக்காவின் வீட்டில் வாசிப்பைத் தொடர்ந்தோம். ராஜய்யாவும் வந்தார். வரிசையில் உட்கார்ந்து தன் ஐந்து வசனங்களைத் தெலுங்கில் வாசித்தார். ஆமோஸ் முடிந்து ஓசியா வரை வந்திருந்தோம்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். எந்த அநியாயத்தைக் கண்டாலும், செய்தவர்களின் வரிசையில் முதலில் என்னைத் தேடுகிறேன். கோபம் குறையவில்லை. அதிலிருந்த பொய் குறைந்திருக்கிறது. இதற்காக அவருக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன்.

அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்து வாசலில் செயலாளரிடம் கேட்டேன்: "ஐயா, அந்த மூலையறையை இன்னும் இடிக்கல. ராஜய்யாவுக்கு எப்பத் திறந்து விடுவீங்க?" மலர்வளையம் நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

உங்கள் எல்லோர் முன்னாலும் மறுபடியும் கேட்கிறேன்: தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். அந்தக் குடும்பத்துக்கு அறையைத் திறந்து விடுங்கள்.