சந்தனப் பொட்டு வைத்த பிரிண்டர்

எங்கள் ஆபீஸில் ஒரு பழைய ரிப்போர்ட் மென்பொருள் உண்டு. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். கை வைக்க எவருக்கும் தைரியமில்லை. மறைமலை நகரில் நாங்கள் செய்யும் உதிரிபாகங்களில் எத்தனை தேறின, எத்தனை கழிந்தன என்று தினமும் காலை ஏழு மணிக்கு அதுவே கார் கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிடும். ஆயுத பூஜைக்குப் பிறகு அந்த ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் கடைசிப் பத்தியைக் காணோம். கழிந்தவற்றின் எண்ணிக்கை அங்கேதான் இருக்கும்.

அந்தச் சனியன் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும். வீட்டிலிருந்து தொடக்கூட முடியாது. ஆகவே இரண்டு வாரமாக விடியற்காலையில் சிட்லபாக்கத்திலிருந்து கிளம்பி, தாம்பரத்தில் ரயில் பிடித்துப் போய், விட்டுப்போன எண்களைக் கையால் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு புரோகிராமைத் துருவினேன். ஒரு மண்ணும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை மகளுக்குப் பள்ளியில் ஓட்டப்பந்தயம். ஒன்றாம் வகுப்பு, முதல் பந்தயம். "நீ வருவியாம்மா? சத்தியமா?" என்று தினமும் கேட்டாள். சத்தியம் செய்து தொலைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை மேனேஜர் வந்து, "நாளைக்கும் நீங்களே வந்துடுங்க மேடம், உங்கள விட்டா யாரு இருக்கா?" என்றார். தலையாட்டினேன்.

அவர் போனதும், பக்கத்திலிருந்த பழைய அகலமான பிரிண்டரின் தலையில் ஆத்திரத்தோடு ஓங்கி ஒன்று வைத்தேன். கையில் காய்ந்த சந்தனம் ஒட்டியது. அதில் யாரும் அச்சடித்துப் பல வருஷம் ஆகிறது. பின்னால் எட்டிப் பார்த்தால், பிளக் பிடுங்கிக் கிடந்தது.

பெருக்கிக்கொண்டிருந்த அக்காவைக் கேட்டேன்.

"நான்தாம்மா கழட்டினேன். பூஜைக்கு எல்லாத்தையும் தொடச்சி பொட்டு வெச்சோமில்ல? இதுல யாரும் பிரிண்டே எடுக்கறதில்லியே, சும்மா லைட்டு எரிஞ்சிகினு கீதேன்னு அப்படியே வுட்டுட்டேன். எதுனா தப்பாம்மா?"

அடக் கடவுளே! அந்தக் கிழட்டு மென்பொருள், அச்சடிக்காவிட்டாலும், ரிப்போர்ட்டின் அகலத்தை அந்தப் பிரிண்டரைப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறது. அது அணைந்ததும் சின்னத் தாள் போடும் வேறொரு பிரிண்டருக்குத் தாவி, இடம் போதாமல் ஓரத்தை வெட்டிவிட்டது. பிளக்கைச் செருகி ஓட்டிப் பார்த்தேன். கடைசிப் பத்தி வந்துவிட்டது! அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினேன். "இன்னாச்சும்மா ஒனக்கு?" என்றார்.

மறுநாள் ஏழு மணிக்குப் பள்ளி மைதானத்தில் நின்றபடி போனைப் பார்த்தேன். மெயில் போயிருந்தது, எல்லாப் பத்தியும் சரியாக. அப்பாடா! போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

பந்தயத்தில் மகள் பாதி வழியில் நின்று, கூட்டத்தில் என்னைத் தேடினாள். கையாட்டினேன். அவளும் ஆட்டினாள், அதற்குள் மற்ற எல்லோரும் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். கடைசியாக ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, மூச்சிரைக்க, "பாத்தியாம்மா?" என்றாள்.

"பாத்தேன்டி தங்கம். முழுசாப் பாத்தேன்."