பூசணிக்காயில் வழுக்கிய ரயில்

எங்கள் ஊர் ரயில் மறுபடி ஓடியது மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். பங்குனி என்று அக்கா இன்றும் வாதாடுகிறாள். கோயிலில் சிவராத்திரிக்குக் கட்டிய காகிதத் தோரணத்தை அவிழ்த்து எஞ்சினுக்குக் கட்டியதை நானே பார்த்தேன், ஆகவே மாசிதான். அப்போது நான் நான்காம் வகுப்பு.

நாமக்கல் பக்கத்து அந்த மீட்டர்கேஜ் பாதை வெள்ளைக்காரர் காலத்தது. அகலப்பாதை வேறு வழியாகப் போனதும் இதைக் கைவிட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்பே ரயில் நின்றுவிட்டதால், பிளாட்பாரம் என்றால் எனக்கு அத்தை திப்பி காயப்போடும் களம். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவை எடுத்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி. அதை ஈரமாக வாங்கி, உலர்த்தி, மாட்டுத் தீவனத்துக்கு விற்பாள். அவ்வளவு பெரிய சிமெண்டுத் தரை எங்கள் ஊரில் வேறு கிடையாது.

பட்டணத்து ஆட்கள் பழைய ரயிலில் ஏறி எங்கள் காடு கழனியைப் பார்க்க வருவார்கள், ஊருக்கு வருமானம் வரும் என்று ஒரு குழு அமைந்தது. குழுவில் முதல் ஆள் அத்தையின் கணவர், லாரி டிரைவரான என் மாமா. பிளாட்பாரத்தைக் காலி செய்யும்படி அத்தையிடம் சொல்லும் வேலையும் அவருக்கே வாய்த்தது.

"ஏனுங்க, களத்தைக் குடுத்துப்போட்டு நான் எங்கீங்க காயப்போடறது? உங்க லாரி மேலயா?"

"ரயிலு வந்தா ஆளுங்க வருவாங்க புள்ள. டீ போட்டு விக்கலாம்."

"என்ற டீயை நீங்களே குடிக்க மாட்டீங்க."

என் குழப்பம் வேறு. ரயில் எந்த ஊருக்குப் போகிறது என்று மாமாவிடம் கேட்டேன்.

"அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துரும் சாமி."

"அங்க என்னங்க இருக்குது?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாத இடத்துக்குப் போய்வர எதற்கு டிக்கெட்?

அந்த ஞாயிறன்று அத்தை உலர்ந்த திப்பியைச் சாக்குகளில் கட்டிப் பிளாட்பாரத்தின் கோடியில் வைத்திருந்தாள். சேலத்திலிருந்து வந்தவர்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மாமா புது லாரிக்குச் செய்வதையெல்லாம் ரயிலுக்கும் செய்தார். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம், கற்பூரம், பிறகு பூசணிக்காய். லாரிக்கு ஒன்று போதும். ரயில் பெரிய வண்டியல்லவா, அதனால் இரண்டு தண்டவாளங்களின் மேலும் உடைத்துக்கொண்டே போனார். எஞ்சின் டிரைவர் வேண்டாம் என்று கையாட்டியதை மாமா கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்.

விசில் ஊதியது. சக்கரங்கள் சுற்றின, ரயில் நகரவில்லை. ஸ்டேஷனிலிருந்தே பாதை மேடேறும். குழைந்த பூசணிச் சதையில் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வழுக்கின. டிரைவர் மணல் கேட்டார். மணல் இல்லை. செம்மண்ணை அள்ளிப் போட்டார்கள்; சேறானது.

"இன்னும் ரண்டு பூசணி ஒடைங்க, பறந்தே போயிரும்!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்த, ஊரே சிரித்தது. மாமா மண்டியிட்டுத் தன் துண்டால் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அத்தைக்குத்தான் கொண்டாட்டம் என்று நினைத்தேன். ரயில் போகாவிட்டால் களம் அவளுக்கு. எனக்கே தெரிந்த இது அவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கினாள்.

"அக்கட்டால தள்ளுங்க. துண்டையும் பாழாக்கிப்போட்டு..."

களத்தில் விரிக்கிற அதே கைவீச்சில் திப்பியை இரண்டு தண்டவாளங்களின் மேலும் தூவினாள். திப்பி ஈரத்தை உறிஞ்சியது. சக்கரம் பிடித்தது. ரயில் மேடேறியது. சன்னல்களில் இருந்தவர்கள் தலையை நீட்டி அத்தையைப் படம் பிடித்துக்கொண்டே போனார்கள்.

அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுக் குழுவினர் அத்தை வீட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் வரும் நேரத்துக்குப் பிளாட்பாரத்தில் கொஞ்சம் திப்பி விரித்து வைத்தால் வருகிறவர்களுக்குப் பார்க்க அழகாக இருக்கும் என்றார்கள். மற்ற நாட்களில் பிளாட்பாரத்துக்குப் பூட்டு. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சரி என்றாள். காயப்போடக் களமில்லாமல் மில்லிலிருந்து ஈரத் திப்பி வாங்குவதை அவள் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தாள்.

ஞாயிறுதோறும் ஒரு கூடையை விரிப்பாள், ரயில் போனதும் கூட்டி அள்ளிக்கொண்டு வீடு திரும்புவாள். அத்தையைப் படம் பிடிக்க அத்தனை பேர் வருவதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. முழுப்பரீட்சை விடுமுறையில் அவளோடு கூடவே போனபோதுதான், ஒவ்வொரு வாரமும் அதே கூடை, அதே திப்பி என்பதைக் கவனித்தேன்.

"ஏனுங்கத்தை, இது இன்னுமா காயல?"

"காஞ்சதைத்தான் சாமி காயப்போடறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். போய்விட்டுத் திரும்பி வரும் ரயிலைப் போல இதுவும் பெரியவர்களின் ஏதோ விளையாட்டு என்று எண்ணி நானும் கூடச் சிரித்தேன்.