ஜன்னலைப் பார்த்த இரண்டு நாற்காலிகள்

என் வீட்டு முன்னறையில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் அருகருகே ஜன்னலைப் பார்த்துக் கிடக்கின்றன. வருகிறவர்கள் ஒன்றைத் திருப்பிப் போட்டு என் முகம் பார்த்து உட்காரப் பார்ப்பார்கள். விடமாட்டேன். "இதென்ன கிறுக்கோ" என்று மருமகள் முணுமுணுப்பாள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும்.

அவை டாக்டரய்யாவின் நாற்காலிகள். செண்பகனூரில் ஒரு வாடகை வீட்டில் அவர் மனநல ஆலோசனை சொல்லிவந்தார். படித்தது மனோதத்துவம், டாக்டர் என்பது ஊர் கொடுத்த பட்டம். எழுபதுகளின் கடைசியில், வருகிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பும் வேலை எனக்கு. பாதிப்பேர் எங்களைப் போலவே இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். மேசைக்கு எதிரே உட்காரச் சொன்னால் உட்காரவே மாட்டார்கள். தோட்டத்தில் மேசைக்குப் பின்னால் இருப்பவர் துரை. அவர் முன்னால் நின்று, என்ன சொன்னாலும் "சரிங்க தொரை" என்றுவிட்டு வெளியே வருவதுதான் அவர்கள் கண்ட வழக்கம். அதைக் கவனித்துத்தான் அய்யா மேசையைத் தூக்கி வெளியே போட்டார். நாற்காலிகளை ஜன்னல் பக்கம் திருப்பினார். மலையைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். எவ்வளவு நல்ல மனுஷன் அன்றைக்கு!

அப்படிப் பேசவந்தவர்களில் ஒருவர் பூண்டி அக்கா. பூண்டியில் வெள்ளைப்பூண்டுக் காட்டில் கூலி வேலை. ஞாயிற்றுச் சந்தைக்கு பஸ் ஏறும்போதெல்லாம் இங்கேயும் வந்துவிடுவார். அவருடைய ஒரே மகள் அந்த நாட்டுப் பிரஜை, தாய் இந்த நாட்டுப் பிரஜை என்று அதிகாரிகள் பிரித்து, மகளை இலங்கையிலேயே நிறுத்திவிட்டார்கள். "இங்கன வந்து அவளைப் பத்திப் பேசிட்டுப் போனாத்தான் தம்பி, எனக்குச் சோறு எறங்குது" என்பார். அய்யாவைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

ஆனால் கேட்கிறவருக்கும் ஒரு மனசுதானே. "அழுகையைக் கேட்டுக் கேட்டு எனக்கே தூக்கம் போயிருச்சும்மா" என்று ஒருநாள் அய்யா சொன்னார். பம்பாய்க்குப் போய் ஏதோ பயிற்சி எடுத்துவந்தார். வாசலில் 'வாழ்க்கை முன்னேற்றப் பயிற்சி' என்று புதுப் பலகை தொங்கியது. ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர்களும் கோடை ஹோட்டல் முதலாளிகளும் காரில் வந்திறங்கினார்கள். மேசை திரும்ப உள்ளே வந்தது. நாற்காலிகள் எதிரெதிரே திரும்பின.

பழைய ஆட்களில் பூண்டி அக்காவை மட்டும் அவர் விடவில்லை. "இனி பழசைப் பேசக்கூடாதும்மா. என் கண்ணைப் பாருங்க. அடுத்த வாரம் என்ன செய்யப்போறீங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அக்கா எழுந்து நின்றுவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க தொரை" என்றார்.

அக்கா போனதும், "அய்யா, அவுக ஒங்களைத் தொரைங்கிறாகளே, கேட்டீகளா?" என்றேன். அவர் சிரித்தார். "நிமிர்ந்து நிக்கிறாங்க பாத்தியா? அழுகையும் நின்னுருச்சு. அதுதான் முன்னேற்றம்" என்றார்.

எண்பத்து மூன்று ஆடியில், இலங்கையில் கலவரம் என்று ரேடியோ சொன்னது. அந்த ஞாயிறு அக்கா ஓடிவந்தார். தலைகூட வாரவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. "தொரை, எம் மகளு..." என்று தொடங்கினார். "கையில இல்லாததை நெனைச்சுப் பயந்து என்ன ஆகப்போகுது? இந்த வாரம் என்ன செஞ்சீங்க?" என்றார் அய்யா. "பூண்டு நட்டேன் தொரை" என்றார் அக்கா. வெளியே வந்தவரின் கையைப் பிடித்தேன். "பஸ்ஸு போயிரும்" என்று உருவிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரத்திலேயே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். எப்படி என்று எழுத எனக்கு மனமில்லை. அடக்கத்துக்கு அய்யாவும் வந்தார். தேம்பித் தேம்பி அழுதார். அதனால்தான் அவரைக் கெட்டவர் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. வீட்டைக் காலி செய்து மெட்ராஸுக்குப் போகும்போது நாற்காலிகளை நான் கேட்டேன், கொடுத்தார்.

சில வருஷம் கழித்து, நான் வேலைபார்த்த ஹோட்டலிலேயே அவர் பேச்சு நடந்தது. பெரிய ஆளாகியிருந்தார். தண்ணீர் வைக்கப் போனவள் ஓரமாக நின்று கேட்டேன். "அழுதுகிட்டே வந்த ஒரு தோட்டத்து அம்மா, ஒரு நாள் என் முன்னாடி நிமிர்ந்து நின்னாங்க" என்று சொல்லி நிறுத்தினார். கூட்டம் கைதட்டியது. அப்போதுதான் என்னைப் பார்த்தார். சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாற்காலிகளை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். ஒன்றில் நான் உட்கார்ந்தேன். "இப்பச் சொல்லுக்கா, மகளுக்கு என்னாச்சு?" என்று பக்கத்து நாற்காலியிடம் வாய்விட்டே கேட்டேன்.