குழாய் சாய்ந்த பக்கம்

அந்த யோசனை வந்தது மின்சாரம் போயிருந்த ஒரு சாயங்காலத்தில். காற்றில் மரம் விழுந்து எங்கோ கம்பி அறுந்திருந்தது. தேயிலைத் தொழிற்சாலை விளக்குகூட இல்லை. அரிசி கழுவிய தண்ணீரை வாசலோரச் சாக்கடைக் கானில் ஊற்ற வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தோட்டத் தொழிலாளர் லயத்தின் நீளக் கூரைக்கு மேலே பால்வீதி. பள்ளிக்கூடத்து வானியல் கழகத்தில் இருந்தபோது விருச்சிகத்தை எங்கிருந்து கேட்டாலும் காட்டுவேன். கொழும்பில் வேலை பார்த்த வருஷங்களில் ஒருநாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலை போய், ஊர் திரும்பி, அம்மாவின் இருமலைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடந்த எனக்கு, இதைப் படம் பிடித்தால் என்ன என்று பட்டது.

பழைய கேமரா ஒன்றும், நட்சத்திரம் நகரும் வேகத்திலேயே அதைத் திருப்புகிற சின்ன மோட்டார் ஒன்றும் வாங்கினேன். மோட்டாரின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்திருக்க வேண்டும். நம் நாட்டில் அது அடிவானத்தை ஒட்டித்தான் இருக்கும். எங்களுக்கு அதையும் தேயிலை மலை மறைக்கிறது. குத்துமதிப்பாக வைத்து, படம் எடுத்து, நட்சத்திரங்கள் புள்ளியாக வராமல் கோடாக இழுபட்டால் திருகைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் மேகம் மூடிவிடும். தினமும் இந்தப் பாடு வேண்டாமென்று, லயத்து வரிசையில் எங்கள் வீடான காம்பராவின் பின்பக்கம் ஓர் இரும்புக் குழாயை நட்டு, சீமெந்து போட்டு, மோட்டாரை அதன் தலையில் பூட்டினேன்.

"என்னா புள்ள, ராக்கெட்டு விடப்போறியா?" என்றார் பக்கத்துக் காம்பராச் சித்தப்பா. "விட்டா சொல்லு, நானும் ஏறிக்கிறேன்."

படத்தில் விருச்சிகத்தின் வால் புள்ளி புள்ளியாக விழுந்த அன்று சந்தோஷத்தில் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். பிறகு மழை. மழை விட்டதும் எடுத்த படத்தில் எல்லாம் கோடு. குழாயில் அம்மா கொடி கட்டி ஈரப் போர்வை போட்டிருந்தாள்.

"இதுல துணி போடாதன்னு எத்தன தடவ சொல்றது?"

"வெயிலே வராத ஊருல கம்பி நட்டு வச்சா, துணி போடாம மாலையாடி போடுவாங்க?"

கொடியை அவிழ்த்துவிட்டுச் சரிப்படுத்தினேன். அடுத்த மழைக்குப் பிறகும் கோடு, அதே பக்கமாக. குழாயின் உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது நின்ற இடத்தைச் சீமெந்தில் குறித்துவைத்தேன். இன்னொரு மழை பெய்தது. கல் குறியைவிட்டு, சரிவின் கீழே ஓடும் ஓடைப் பக்கம் விலகி நின்றது. குழாயைப் பிடித்து உலுக்கினேன். ஆடவில்லை. சீமெந்திலும் கீறல் இல்லை. மண்ணோடு சேர்ந்து சாய்ந்திருந்தது.

அன்று காலை சித்தப்பா கதவைச் சீவிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் பலகை ஊதும், சீவுவோம். எங்கள் லயத்தில் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் அவர் மேல்மூலையை மட்டும் சீவினார். ஊதினால் ஓரம் முழுக்க முட்டும்; ஒரு மூலை மட்டும் முட்டினால் நிலை சாய்ந்திருக்கிறது. காம்பரா காம்பராவாகப் போய்ப் பார்த்தேன். எல்லாக் கதவிலும் அந்த மூலைதான் சீவப்பட்டிருந்தது. கடைசிக் காம்பராவில் சாமிப் படத்தை நகர்த்தினால், சுவரில் விரல் நுழையும் வெடிப்பு.

மண் ஓடைப் பக்கம் இறங்குகிறது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "ஊதுனதுதான் புள்ள," என்றார். கொஞ்சம் சீவினார். நிறுத்தினார். "போறதுன்னா எங்க போறது?"

நான் போய்ச் சொன்னதும் அரசாங்கத்துக் கிராம சேவகர் வந்து வெடிப்பைப் பார்த்தார். மண்ணை ஆராய ஆட்கள் வருவார்கள், பார்க்கவேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். யாரும் வரவில்லை. அம்மாவுக்கு மண்மீது பயமில்லை, பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குவதில்தான்.

"தோட்டத்து மேல் டிவிஷன்ல மண்ணு சரிஞ்சு வந்தப்ப அந்தப் பக்கத்து ஸ்கூல்ல கொண்டுபோயி வச்சாங்க. இன்னும் அங்கதான் கெடக்குறாங்க, சீலையக் கட்டி மறச்சிக்கிட்டு. நான் வரல."

"மழ பெய்யிற ராத்திரிக்கு மட்டும்மா. விடிஞ்சா வந்துரலாம்."

அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

மேகம் நானுஓயாப் பக்கமிருந்து ஏறுகிறது. மோட்டாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். நான் சொன்னால் ஒருவரும் எழும்பி வரமாட்டார்கள். அவரவர் வீட்டில் அவரவரே பார்க்கட்டும். மழை பிடிப்பதற்குள் ஒவ்வொரு வாசல் நிலையிலும் நூலும் கல்லும் கட்டி, கீழே கரியால் குறி போடப்போகிறேன். மழை விட்டதும் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டி, மழை ராத்திரிகளில் தங்க எங்கள் பள்ளிக்கூடத்துச் சாவியை அதிபரிடம் கேட்கவேண்டும். முதல் நூல் அம்மா படுக்கும் அறை வாசலில்.