மூலையில் இருந்த ஜாடி

போன வாரம் யானைக்கல் பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றது. பழக்கடைப் பக்கமிருந்து நசுங்கிய திராட்சையின் புளித்த வாடை. ஓட்டுநர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சங்கையாவின் நிலவறைப் படிகள் ஞாபகம் வந்தன. ஒன்பது படிகள், ஐந்தாவதில் தலை இடிக்கும். எனக்கு இரண்டு முறை இடித்திருக்கிறது.

எழுபதுகளின் பிற்பகுதி. நான் ஒரு நாளிதழில் புது நிருபர். சங்கையா குடும்பம் அவருடைய அப்பா காலத்திலிருந்து வைகைக் கரையில் திராட்சை அரிஷ்டம் போட்டு விற்றது. கம்பத்துத் திராட்சையும் வெல்லமும் ஊறும் ஜாடிகளை நிலவறைக்குள் கழுத்துவரை ஆற்றுமணலில் புதைத்து, தினமும் மணலை நனைப்பார்கள். மருந்துதான். ஆனால் மதுவிலக்கு வந்தபின் மதுரையில் அஜீரணக்காரர்கள் பெருகிவிட்டார்கள். அதனால் சோதனை வந்தது. அரிஷ்டத்தில் தானாக ஊறும் போதைக்கும் ஓர் அளவு உண்டு. தாண்டினால் லைசென்ஸ் போய்விடும்.

அதிகாரியோடு நானும் இறங்கினேன்.

"ரிப்போர்ட்டர் தம்பி, தலை பத்திரம். இன்னொரு தடவ இடிச்சா விட்டம் தாங்காது" என்றார் சங்கையா.

அதிகாரிக்கு உள்ளே மூச்சு முட்டியது. எந்த ஜாடியானாலும் சரி, ஒரு பாட்டில் எடுத்துக் கொடுங்கள் என்றார். சங்கையா நேரே மூலைக்குப் போனார். அங்கே இருந்தது அவர் அப்பா போட்ட ஜாடி. அது விற்பனைக்கில்லை. எடுத்த அளவுக்கு வருடந்தோறும் புதுப் பழமும் வெல்லமும் சேர்ப்பார்கள். வீட்டில் பிள்ளை பெற்றவர்களுக்கும் சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கும் மட்டும் அதிலிருந்து ஒரு கரண்டி.

படியில் நின்ற அவர் மனைவி பேச்சி, "இந்தாங்க, போன மாசம் போட்டதுல குடுங்க. அதான கடைக்குப் போகுது" என்றார்.

"வீடேறி வந்தவருக்கு அதையா குடுக்கிறது? கூறில்லாமப் பேசாத."

வருடக்கணக்கில் வெல்லம் ஏறிய ஜாடி அளவைத் தாண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த அளவைச் சொல்லும் அரசு உத்தரவின் நகலைக் காலையில்தான் படித்திருந்தேன். நிருபன் குறுக்கே பேசக் கூடாது என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். வேறெந்த விஷயத்திலும் நான் அவர் பேச்சைக் கேட்டதில்லை.

சங்கையா பாட்டிலை நிரப்பினார். ஒரு தம்ளரும் நீட்டினார். "எம்புட்டு வேணுமோ குடிங்க சார்."

அதிகாரி குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

லைசென்ஸ் ரத்தானது. ஜாடிகளை ஆற்றோரம் கவிழ்த்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல் இழுத்துக்கொண்டது. சங்கையா ரத்து உத்தரவை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நல்லாருக்குன்னாரே தம்பி. அதவிட நல்லது எங்கிட்ட இல்லையே" என்றார்.

குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனது. நிலவறையில் மண் கொட்டி மேலே கரையோரச் சாலை போட்டுவிட்டார்கள். அவர்களைப் பற்றி விசாரிக்க அந்தத் தெருவில் பழைய ஆள் ஒருவரும் இல்லை. அப்போது நான் எழுதிய நான்கு வரிச் செய்தியில் ஒரு தகவலும் பிழையில்லை.